சிங்கப்பூர் வெள்ளி சிங்கப்பூரிலேயே இருக்கிறது, காசு மட்டும் எப்படி வருகிறது?

வணக்கம் மக்களே! நேரா விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் தேக்காவில் ஒருவர் போனை எடுத்து, பேநவ் (சிங்கப்பூரின் யுபிஐ மாதிரி) வழியாகத் திருவாரூரில் இருக்கும் அம்மாவின் யுபிஐ ஐடிக்கு 200 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அனுப்புகிறார். அவர் போனைப் பைக்குள் வைப்பதற்குள் இங்கே அம்மாவுக்கு மெசேஜ் வந்துவிடுகிறது. அந்த 200 வெள்ளி இப்போது எங்கே?

சிங்கப்பூரில்தான். ஒரு காசுகூட நகரவில்லை.

இந்தப் பலகையைப் பாருங்கள். இந்தப் பக்கம் சிங்கப்பூர், அந்தப் பக்கம் இந்தியா, நடுவில் ஒரு கோடு. மகன் கணக்கில் 200 வெள்ளி கழிகிறது, சிங்கப்பூரிலேயே இன்னொரு கணக்கில் அது ஏறுகிறது. இந்தியாவில் ரூபாய் இருப்பு வைத்திருக்கும் வங்கியின் கணக்கில் அதற்குச் சமமான தொகை கழிந்து, அம்மா கணக்கில் ஏறுகிறது. கோட்டைத் தாண்டியது ஒரு செய்தி மட்டும்: "இங்கே வாங்கிவிட்டேன், அங்கே கொடுத்துவிடு."

இதைக் கேட்டால் செட்டிநாட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது கடைகளில், உட்கார்ந்து அவர்கள் உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) எழுதியதும் இந்தக் கணக்குதான். அங்கே பேரேட்டில் வரவு, இங்கே ஊரில் பற்று. என்ன, அப்போது தாள் கப்பலில் வந்தது.

யுபிஐ–பேநவ் இணைப்பு 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கியது. முதலில் சேர்ந்த வங்கிகளில் சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு. இங்கிருந்து அனுப்புகிறவருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள்.

அதற்கு முன்னால் ஏன் நாள்கணக்கில் ஆனது? ஸ்விஃப்ட் மேல் பழி போடுவார்கள். ஸ்விஃப்ட் பணம் அனுப்பும் அமைப்பே இல்லை, செய்தி அனுப்பும் அமைப்பு. செய்தி நொடியில் போய்விடும். உங்கள் வங்கிக்கும் அந்த ஊர் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் வரும். ஒவ்வொன்றும் பெயரைச் சரிபார்க்கும், கட்டணம் பிடிக்கும். அப்புறம் அங்கே விடுமுறை, இங்கே ஞாயிற்றுக்கிழமை.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம். அம்மாவுக்குக் காசு உடனே வந்துவிட்டது. வங்கிகளுக்குள்ளே? அங்கே 'உடனே' கிடையாது. யுபிஐயில் நடக்கும் பரிவர்த்தனைகளை எல்லாம் கூட்டிக் கழித்து, யார் யாருக்கு எவ்வளவு என்று நிகர பாக்கியை மட்டும் ஒரு நாளில் பல தவணைகளாக ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகளில் தீர்க்கிறார்கள். அதுவரை வங்கிக்கு வங்கி கடன் நிற்கிறது.

அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு கதை இருக்கிறது. 1974 ஜூன் 26. ஹெர்ஸ்டாட் என்ற வங்கியை அதிகாரிகள் பிற்பகல் மூன்றரை மணிக்கு இழுத்து மூடினார்கள். அன்று காலையிலேயே பல வங்கிகள் அதற்கு ஜெர்மன் மார்க்கைக் கொடுத்துவிட்டன. பதிலுக்கு டாலர் வரவேண்டியது நியூயார்க்கில். அங்கே அப்போது காலை பத்தரைதான்! டாலர் வரவே இல்லை. மூடியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஆனால் தங்கள் ஊர்க் கடிகாரத்தை மட்டும்.

இதற்கு மருந்தாக, வங்கிகளின் நாணய மாற்றுகளைத் தீர்த்துவைக்கும் சி.எல்.எஸ். என்ற அமைப்பு 2002இல் வந்தது. இரண்டு பக்கப் பணமும் வந்தால்தான் இரண்டையும் விடும், இல்லையென்றால் எதையும் விடாது. 18 நாணயங்கள் அதில் தீர்வாகின்றன. சிங்கப்பூர் வெள்ளி இருக்கிறது, நம் ரூபாய் இல்லை.

அதனால் ரூபாய்ப் பக்கம் வேகமாக நடக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். சும்மா கிடக்கும் பணத்துக்குச் செலவு உண்டு. ஞாயிறு ராத்திரி நாணயச் சந்தை மூடியிருக்கும்போதும் ஒரு வெள்ளிக்கு எத்தனை ரூபாய் என்று ரேட் சொல்ல வேண்டும். திங்கள் காலை ரூபாய் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அதற்கும் சேர்த்து ரேட்டில் கொஞ்சம் இடம் வைத்துக்கொள்வது வழக்கம். "கட்டணம் பூஜ்யம்" என்று ஒரு ஆப் விளம்பரம் செய்தால் நான் முதலில் பார்ப்பது ரேட்டைத்தான்.

இரண்டிரண்டு நாடாக இணைத்துக்கொண்டே போனால் ஐந்து நாட்டுக்குப் பத்து இணைப்பு வேண்டும். அதனால்தான் நெக்ஸஸ் என்று ஒரு பொது மையத்தைக் கட்டுகிறார்கள். மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தியா ஐந்தும் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு தடவை இணைந்தால் போதும். இதைத் தனி வீடியோவாகவே போடுகிறேன்.

சிங்கப்பூரில் இருந்து பார்க்கிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். புதன்கிழமை மதியம் ஒரு தடவை, ஞாயிறு ராத்திரி ஒரு தடவை, அனுப்பும் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் திரையில் வரும் ரேட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்துச் சந்தை ரேட்டையும் பக்கத்தில் எழுதி, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கமென்டில் போடுங்கள். அக்கவுன்ட் நம்பர் தெரியும் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வேண்டாம்!