20 பைட்டில் ஓர் ஆப்ஜெக்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

எக்ஸ் 10, ஒய் 20 என்று இரண்டே மதிப்புகள் கொண்ட ஓர் ஆப்ஜெக்டை ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரியில், நெளிவு அடைப்புக்குள் எழுதுகிறோம். இன்றைய குரோம் உலாவியில் அதற்கு 20 பைட் இடம் போதும். அதே எக்ஸ், அதே ஒய்தான்; ஆனால் முதலில் வெற்று ஆப்ஜெக்டை உண்டாக்கிவிட்டு, அடுத்த இரண்டு வரிகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 28 பைட். மதிப்புகள் 10.5, 20.5 என்று தசமமாகிவிட்டால், ஒரே வரியில் எழுதினாலும் 44 பைட். எழுதுகிறவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். ஓர் ஆப்ஜெக்ட் என்றால் இதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. வரைபடத்தில் 10 லட்சம் புள்ளிகளை வைத்திருக்கும் பக்கம் என்றால், 20 மெகாபைட்டா 44 மெகாபைட்டா என்ற கேள்வி வந்துவிடுகிறது. விலை குறைந்த கைபேசியில் அது பெரிய கேள்வி.

இந்த பைட்டுகள் எங்கே போகின்றன? குரோமுக்குள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம்.

அந்த 20 பைட் ஆப்ஜெக்டை நான்கு நான்கு பைட்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் நான்கு பைட், இந்த ஆப்ஜெக்டின் வடிவம் எழுதிவைத்திருக்கும் இடத்தைக் காட்டும் பாயின்டர். அடுத்த நான்கு, ஆப்ஜெக்டுக்குள் இடம் போதாத ப்ராப்பர்ட்டிகள், அதாவது எக்ஸ், ஒய் போல் பெயரிட்ட மதிப்புகள், வெளியே கிடக்கும் இடத்துக்கான பாயின்டர். மூன்றாவது நான்கு, 0, 1, 2 என்று எண்ணால் அழைக்கப்படும் உறுப்புகளுக்கான பாயின்டர். ஆக, ஒன்றுமே வைக்காவிட்டாலும் தலைப்புக்கு மட்டும் 12 பைட் போய்விடுகிறது. நான்காவது இடத்தில் எக்ஸ், ஐந்தாவது இடத்தில் ஒய்.

அங்கே 10 என்ற எண் 20 என்று எழுதப்பட்டிருக்கும். 20 என்பது 40 ஆக இருக்கும். காரணம், கடைசி பிட்டை எஞ்சின் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. அந்த பிட் 0 என்றால் இது சிறிய முழு எண். 1 என்றால் வேறோர் இடத்தைக் காட்டும் பாயின்டர். ஒரு பிட் போனதால் எண்ணுக்கு மிஞ்சுவது 31 பிட். இந்த 31 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

பாயின்டர்கள் நான்கு பைட்டில் அடங்குவது 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80-இலிருந்துதான். அதற்குமுன் 64 பிட் கணினியில் ஒவ்வொன்றும் 8 பைட். ஆப்ஜெக்டுகள் எல்லாம் இருக்கும் நினைவகப் பகுதியான ஹீப் முழுவதையும் 4 கிகாபைட் எல்லைக்குள் அடைத்துவிட்டால், முழு முகவரி எழுத வேண்டாம், எல்லையின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் எழுதினால் போதும். இந்த ஒரே மாற்றத்தால் வி8 ஹீப் 43 விழுக்காடு வரை சுருங்கியது. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் (Node.js) இதே எஞ்சினைப் பயன்படுத்தினாலும், வழக்கமாகக் கிடைக்கும் நோடில் இந்தச் சுருக்கம் கிடையாது. அதனால் குரோமில் 20 பைட் என்று வரும் ஆப்ஜெக்ட் நோடில் 40 பைட் என்று வரும். இரண்டு அளவீடும் சரிதான்.

இப்போது வடிவம். கணக்குப் பேரேட்டில் தேதி, விவரம், தொகை என்ற தலைப்பைப் பக்கத்தின் உச்சியில் ஒருமுறைதான் எழுதுவோம். ஒவ்வொரு வரியிலும் எழுதுவதில்லை. அதுபோல, எக்ஸ் என்ற பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற விவரம் ஆப்ஜெக்டில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. 10 லட்சம் புள்ளிகளும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வி8-இல் இதை மேப் என்கிறார்கள். நாம் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மேப் வேறு, இது வேறு. ஃபயர்ஃபாக்ஸின் எஞ்சினில் ஷேப், சஃபாரியில் ஸ்ட்ரக்சர். பொதுப் பெயர் ஹிடன் கிளாஸ். இந்த யோசனை ஜாவாஸ்கிரிப்டுக்கு முந்தையது. செல்ஃப் என்ற மொழிக்காக கிரெய்க் சேம்பர்ஸ், டேவிட் உங்கர் ஆகியோர் 1989-இலேயே இதை எழுதிவிட்டார்கள். பின்னர் வி8-ஐ உருவாக்கிய லார்ஸ் பாக் செல்ஃப் குழுவில் வேலை செய்தவர்.

வடிவம் பிறப்பது சேர்க்கும் வரிசைப்படி. முதலில் எக்ஸ், பிறகு ஒய் என்று சேர்த்தால் ஒரு வடிவம். முதலில் ஒய், பிறகு எக்ஸ் என்றால் வேறு வடிவம், உள்ளே இருப்பது அதேதான் என்றாலும். ஒரு வரியில் ஆப்ஜெக்டின் எக்ஸைப் படிக்கும்போது, எந்த வடிவத்தில் எந்த இடம் என்று எஞ்சின் அந்த வரிக்குப் பக்கத்திலேயே குறித்துவைக்கிறது. ஒரே வடிவம் வந்துகொண்டிருந்தால் ஒரு ஒப்பீடு, ஒரு வாசிப்பு, முடிந்தது. நான்கு வடிவம் வரை குறித்துவைக்கும். ஐந்தாவது வந்துவிட்டால் அந்தக் குறிப்பைக் கைவிட்டு, எல்லாருக்கும் பொதுவான ஒரு தேடல் அட்டவணைக்குப் போகிறது. நிறைய பேர் கோட்டை விடும் இடம் இதுதான். மூன்று விருப்பப் புலங்கள் இருக்கின்றன, இருந்தால் சேர், இல்லையென்றால் விடு என்று எழுதினால், எட்டு வடிவங்கள் பிறக்கின்றன. சர்வரிலிருந்து ஜேசன் (JSON) வடிவில் வரும் தரவும் இப்படித்தான். சில பதிவுகளில் ஒரு சாவி, அதாவது ப்ராப்பர்ட்டியின் பெயர், விடுபட்டாலோ வரிசை மாறினாலோ, அதை ஆப்ஜெக்டாக மாற்றிய கையோடு வடிவங்கள் பெருகிவிடும். எல்லாப் பதிவிலும் எல்லாச் சாவியையும் ஒரே வரிசையில் அனுப்பச் சொல்லுங்கள். மதிப்பு இல்லாத இடத்தில், ஒன்றுமில்லை என்பதைக் குறிக்கும் நல் (null) இருக்கட்டும்.

வெற்று ஆப்ஜெக்டுக்கு ஏன் 28 பைட் என்று இப்போது சொல்லலாம். வெறும் அடைப்புக்குறியை மட்டும் எழுதினால், எத்தனை ப்ராப்பர்ட்டி வரும் என்று எஞ்சினுக்குத் தெரியாது. நான்கு இடம் ஒதுக்கிவைக்கிறது. 12-உம் 16-உம் சேர்ந்து 28. இரண்டே ப்ராப்பர்ட்டி சேர்த்தால் 8 பைட் வீண். ஐந்தாவது ப்ராப்பர்ட்டியைச் சேர்த்தால் இன்னும் மோசம். உள்ளே இடமில்லை, வெளியே தனியாக ஒரு வரிசை உண்டாக்க வேண்டும். அது மூன்று மூன்று இடமாகத்தான் வளரும். அதன் தலைப்புக்கு 8 பைட், மூன்று இடத்துக்கு 12 பைட். மொத்தம் 48. அதே ஐந்தையும் ஒரே அடைப்புக்குள் எழுதியிருந்தால் 32 பைட்டோடு போயிருக்கும். 10 லட்சம் ஆப்ஜெக்டுக்கு 16 மெகாபைட் வித்தியாசம். தவிர, வெளியே கிடக்கும் மதிப்பைப் படிக்க ஒரு பாயின்டரைக் கூடுதலாகத் தாண்ட வேண்டும்.

ஆப்ஜெக்டுகளுக்கு அச்சாக ஒரு கிளாஸ் எழுதினால் கணக்கு கொஞ்சம் வேறு. ஆப்ஜெக்டை உருவாக்கும் ஃபங்ஷனான கன்ஸ்ட்ரக்டருக்குள் எத்தனை ப்ராப்பர்ட்டி வரலாம் என்று எஞ்சின் ஒரு மதிப்பீடு போட்டு, அதற்கு மேல் 8 இடம் தாராளமாகச் சேர்த்துத் தொடங்குகிறது. முதல் 7 ஆப்ஜெக்டுகள் பிறக்கும்வரை கவனிக்கிறது. எது அதிகபட்சமாகப் பயன்பட்டதோ அதோடு வெட்டிவிடுகிறது. மிச்சமான இடம், பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பில் திரும்ப வந்துவிடும். மிக நல்ல ஏற்பாடு, ஆனால் இரண்டு சிக்கல் உண்டு. ஒரே ஓர் ஆப்ஜெக்டை உண்டாக்கி அளந்தால் பெரிய எண்ணைக் காட்டும். அது உண்மையான அளவு அல்ல. இரண்டாவது, கன்ஸ்ட்ரக்டர் முடிந்தபின் வேறெங்கோ ஒரு ஃபங்ஷனில் புதிய ப்ராப்பர்ட்டியை ஒட்டவைக்கும் பழக்கம். முதல் ஏழில் அது நடக்கவில்லை என்றால், அந்த ப்ராப்பர்ட்டிக்கு உள்ளே இடம் கிடையாது, வெளியேதான் போகும். எனவே தேவைப்படும் எல்லாவற்றையும் கன்ஸ்ட்ரக்டரிலேயே எழுதிவிடுங்கள்.

என்ன மதிப்பு கொடுத்து எழுதுவது? இங்கேதான் அந்த 31 பிட் வருகிறது. சுமார் 107 கோடிவரை உள்ள முழு எண்கள் ஆப்ஜெக்டின் நான்கு பைட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அதைத் தாண்டினாலோ தசமம் வந்தாலோ, எண்ணுக்கென்று தனியாக 12 பைட்டில் ஒரு பெட்டி போட்டு, அதன் முகவரியைத்தான் ஆப்ஜெக்டில் வைக்கிறது எஞ்சின். மில்லிசெகண்டில் எடுக்கும் இன்றைய நேரம் 13 இலக்க எண், ஆகவே பெட்டிதான். 10 இலக்கக் கைபேசி எண்ணை எண்ணாக வைத்தாலும் பெட்டிதான். நேரத்தை அப்படியே வைக்காமல், நிரல் தொடங்கிய நேரத்திலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் என்று முழு எண்ணாக வைத்தால், 12 நாள் வரை பெட்டியே தேவைப்படாது.

ஒரு புலத்தில் முழு எண் வருமா, தசமம் வருமா என்பதையும் வடிவமே குறித்துவைத்திருக்கிறது. 0 என்று தொடங்கிவிட்டுப் பிறகு 0.5 வைத்தால், பழைய வடிவம் காலாவதியாகிப் புதிய வடிவம் பிறக்கிறது. இணையப் பக்கங்களை உருவாக்கப் பயன்படும் ரியாக்ட் என்ற நூலகத்தில் 2019-இல் வெளிவந்த ஒரு வேகக்குறைவு இதனால் வந்ததுதான். பக்கத்தின் பகுதிகளுக்காக அது உள்ளே வைத்திருக்கும் ஃபைபர் நோடுகள் என்ற ஆப்ஜெக்டுகளில் நேரம் அளக்கும் புலங்கள் 0 என்று தொடங்கின, பிறகு தசம நேரம் ஏறியது. இடையில் அந்த நோடுகளுக்கு, இனிமேல் ப்ராப்பர்ட்டி சேர்க்கக் கூடாது என்ற பூட்டும் போடப்பட்டிருந்தது. பூட்டிய வடிவத்தை எப்படி மாற்றுவது என்று அன்றைய வி8-க்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நோடுக்கும் யாரோடும் பகிராத ஒரு தனி வடிவம் பிறந்தது. ஆயிரக்கணக்கான நோடுகள், ஆயிரக்கணக்கான வடிவங்கள்! தீர்வு என்ன தெரியுமா? அந்தப் புலங்களை முதலில் ‘நான்’ (NaN), அதாவது எண் அல்லாத எண் என்ற மதிப்பால் தொடங்கியது. ‘நான்’ என்பது உள்ளே தசம வகை, எனவே வடிவம் முதலிலிருந்தே தசமத்துக்குத் தயாராகிவிடுகிறது. வி8 பக்கமும் பிறகு சரிசெய்தார்கள். முழு எண் வரப்போகும் புலத்தில் 0, தசமம் வரப்போகும் புலத்தில் ‘நான்’, ஆப்ஜெக்டோ சரமோ (எழுத்துத் தொடர்) வரப்போகும் இடத்தில் நல் என்று தொடங்குவது இன்றும் நல்ல பழக்கம். எண் வரப்போகும் இடத்தில் நல் வைத்தால், எதுவும் வரலாம் என்ற பொதுவகைக்கு அந்தப் புலம் போய்விடும். அதன்பின் தசமத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய பெட்டி.

ப்ராப்பர்ட்டியை நீக்கும் டிலீட் பற்றி ஒரு வார்த்தை. கடைசியாகச் சேர்த்த ப்ராப்பர்ட்டியை நீக்கினால் வி8 முந்தைய வடிவத்துக்கே திரும்பிவிடும். நடுவில் இருப்பதை நீக்கினால், ஆப்ஜெக்ட் அகராதி முறைக்குப் போய்விடுகிறது. அதன்பின் வடிவத்தைப் பகிர்வது இல்லை. பெயர், மதிப்பு, விவரம் என்று ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் மூன்று இடம், அதற்கு மேல் காலி இடங்கள். நீக்காமல் அன்டிஃபைன்ட் என்று வைத்தால் போதும். சாவிகள் வருவதும் போவதுமாக இருக்கும் வேலை என்றால், ஜாவாஸ்கிரிப்டின் மேப் அதற்காகவே இருக்கிறது.

மதிப்புகளை வரிசையாக அடுக்கும் அரேயில் மட்டும் தசமங்களுக்கு விடிவு உண்டு. எல்லாமே எண்கள், அவற்றில் தசமம் கலந்திருக்கிறது என்றால், பெட்டி இல்லாமல் எட்டெட்டு பைட்டாக நேரே அடுக்கிவைக்கும். அதில் ஒரே ஒரு சரத்தைச் சேர்த்தால் போயிற்று. எல்லாத் தசமமும் பெட்டிக்குள் போகும், எட்டு பைட் பதினாறு ஆகும். அந்தச் சரத்தை எடுத்துவிட்டாலும் அரே பழைய நிலைக்குத் திரும்பாது.

10 லட்சம் புள்ளிகளுக்குத் திரும்புவோம். தசம எக்ஸ், ஒய் கொண்ட ஆப்ஜெக்டுகள் 44 மெகாபைட், அவற்றைக் கோத்த அரேக்கு இன்னும் 4, ஆக 48. எக்ஸுக்கு, எண்ணுக்கு எட்டு பைட் என்று மட்டுமே வைக்கும் ஒரு ஃப்ளோட்64 அரே, ஒய்க்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்து வைத்தால் 16 மெகாபைட். மூன்றில் ஒரு பங்கு. ஃப்ளோட்32 போதும் என்றால் 8. குப்பை சேகரிப்பான் 30 லட்சம் துண்டுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டிய வேலையும் இல்லாமல் போகிறது. எல்லா எக்ஸையும் கூட்டும் சுழற்சியில், செயலி ஒரு முறை கொண்டுவரும் 64 பைட்டில் எட்டு எக்ஸ் வந்துவிடும். விலையாக, கோட் படிக்கக் கொஞ்சம் கடினமாகும். பல்லாயிரக்கணக்கில் இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

தசமத்துக்குப் பெட்டி போடுவது வி8-இன் வழக்கம். ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் ஒவ்வொரு மதிப்புக்கும் எட்டு பைட் ஒதுக்கி, தசமத்தை அங்கேயே வைத்துவிடுகிறார்கள். ஆனால் சேர்க்கும் வரிசையைப் பற்றிச் சொன்னது மூன்றுக்கும் பொருந்தும்.

சரிபார்ப்பது எளிது. நோடைத் தொடங்கும்போது அலோ நேட்டிவ்ஸ் சின்டாக்ஸ் என்ற ஃபிளாக் கொடுங்கள். பிறகு விழுக்காட்டுக் குறி போட்டு ஹேவ் சேம் மேப் என்று எழுதி இரண்டு ஆப்ஜெக்டைக் கொடுத்தால், ஒரே வடிவமா என்று உண்டு, இல்லை என்று பதில் வரும். ஹேஸ் ஃபாஸ்ட் ப்ராப்பர்ட்டீஸ் என்று கேட்டால் அகராதி முறைக்குப் போய்விட்டதா என்று தெரியும். சோதனைக்கு மட்டும் இது, விற்பனைக்குப் போகும் கோடில் வேண்டாம். குரோமில் டெவ்டூல்ஸ் திறந்து, மெமரி பகுதியில் ஹீப் ஸ்னாப்ஷாட் எடுத்து, உங்கள் கிளாஸின் பெயரைத் தேடுங்கள். ஷாலோ சைஸ் என்ற பத்தியை ஆப்ஜெக்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்றின் அளவு கிடைக்கும். தசமப் பெட்டிகள் அந்தப் பத்தியில் சேராது.

வணக்கம்.