வெண்ணெய் சத்தம் அடங்குற நேரம்

எல்லாருக்கும் வணக்கம். டாஃபித் துண்டு போட்ட சாக்லேட் சிப் குக்கி பத்திப் பேசச் சொன்னாங்க, ஆனா நான் வெண்ணெயில இருந்துதான் ஆரம்பிக்கப் போறேன், ஏன்னா பிரவுன் பட்டர், அதாவது பொன்னிறமா சிவக்க உருக்குன வெண்ணெய், சேர்த்து செய்யுற குக்கியில பாதி ருசி மாவு பிசையுறதுக்கு முன்னாடியே அடுப்புல முடிவாயிடுது.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல டோல் ஹவுஸ்னு ஒரு விடுதி நடத்துன ரூத் வேக்ஃபீல்ட் 1930கள்ல செஞ்சதுதான் இந்த குக்கி. அதுல சாதா வெண்ணெய்தான். அதையே சிவக்க உருக்கிப் போட்டா வேற பண்டம் மாதிரி ஆயிடும்.

இதுல காதுதாங்க முக்கியம். வெண்ணெயில நூத்துக்கு எண்பது பங்கு கொழுப்பு, பதினாறு பதினேழு பங்கு தண்ணி, மிச்சம் கொஞ்சூண்டு பால் சத்து. உருகுனதும் படபடன்னு சத்தம் போடும்ல, அது தண்ணி கொதிக்குற சத்தம். தண்ணி இருக்குற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டி ரொம்ப ஏறாது, அதனால சத்தம் கேட்குற வரை கருகிடுமோன்னு பயமே வேண்டாம். சத்தம் அடங்குச்சுன்னா தண்ணி தீர்ந்துச்சு, இனிமே பால் சத்து சிவக்கும், நுரை பொங்கி அடியை மறைச்சிடும், கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. திரும்பவும் சொல்றேன், சத்தம் நின்னதும் கரண்டியைக் கையில எடுத்து அடியைக் கிண்டிக்கிட்டே இருங்க, இடத்தை விட்டு நகராதீங்க.

ஒரு தடவை சரியான பதத்துல அடுப்பை அணைச்சுட்டேன், வறுத்த பருப்பு வாசனை வீடு முழுக்க, பிரெஞ்சுக்காரங்க இதுக்கு ஹேசல்நட் வெண்ணெய்னு பேர் வச்சது சும்மா இல்ல. அந்த நேரம் பாத்து வாசல்ல யாரோ பெல் அடிச்சாங்க, போய்ப் பேசிட்டு ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்தேன், அடியில இருந்த துகள் எல்லாம் கரிக்கட்டை, நாக்குல வச்சா கசப்பு. அடுப்பை அணைச்சாலும் கனமான பாத்திரம் சூட்டை விடாதுங்க! மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. அதுல இருந்து அணைச்ச கையோட வேற கிண்ணத்துல ஊத்திடுவேன், அடியில ஒட்டுன பொன்னிறத் துகளையும் சுரண்டி. அதை விட்டுட்டா உருக்குனதுக்கே அர்த்தமில்ல.

225 கிராம் வெண்ணெய் சிவந்து முடிக்கும்போது கிட்டத்தட்ட 35, 40 கிராம் ஆவியாப் போயிருக்கும். அதுக்கு ஈடா ரெண்டு டேபிள்ஸ்பூன் பால் விட்டுக்கணும், இல்லாட்டி குக்கி வறண்டுடும். நல்லா ஆறின பிறகுதான் முட்டை, சூட்டோட ஊத்தினா வெந்துடும். பிசைஞ்ச மாவு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல இருக்கட்டும், மாவு ஈரத்தைக் குடிக்கும், ருசி கூடும், அடுப்புல கண்டபடி பரவாது.

நேரம் ஆயிடுச்சுன்னு கை காட்டுறாங்க, டாஃபி பத்தி பாதிகூட சொல்லல. சர்க்கரையும் வெண்ணெயும் 150 டிகிரி பதம் வந்ததும் தட்டுல ஊத்தி, ஆறவிட்டு, கடலைப்பருப்பு அளவுல உடைச்சுக்கோங்க. பேக்கிங் அவன்ல அது உருகும், அதனால மாவு உருண்டைக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்காம உள்ள தள்ளிடணும், தட்டுல பேக்கிங் பேப்பர் கட்டாயம். 180 டிகிரி, பத்துப் பன்னெண்டு நிமிஷம், நடுவுல மெத்துனு இருக்கும்போதே வெளிய எடுத்துடுங்க. உடனே கை வைக்காதீங்க, டாஃபி சுடும், அஞ்சு நிமிஷம் தட்டுலயே இருக்கட்டும். நன்றி, வணக்கம்.