ஐந்து விரலும் விரித்த கை

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

அதிகாரத்தைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைக் கையில் கொடுப்பதற்கும் திரும்ப வாங்குவதற்கும் ஓர் ஊர் விதி எழுதியதைப் பற்றி நான் பேச வந்திருக்கிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டினுடையது. அதைத் திருத்தி எழுதியது 921-இல்.

ஊர் 30 குடும்புகள், இன்றைய வார்டுகள் மாதிரி. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறையில் குடும்புக்கு ஒருவராக எடுத்து, 12 பேரைச் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கும், 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும், 6 பேரை ஏரி வாரியத்துக்கும் அமர்த்தினார்கள். பதவி 360 நாள்தான். வயது 35-க்கு மேல், 70-க்குள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்துக்குள் போகாது.

என்னை அசைத்தது ஓலை எடுக்கும் காட்சி. நம்பிமார் என்ற கோயில் பூசகர்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிக்கிறார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்குகிற மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடும் என்று யாரோ பட்டறிந்துதானே இப்படி எழுதியிருக்க வேண்டும்!

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மைத்துனன், மருமகன் என்று நெருங்கிய உறவுக்கும் இல்லை. தான் ஒதுங்கி மைத்துனனை உட்காரவைக்கும் வழியை அன்றே அடைத்துவிட்டார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அது பிராமணர் ஊர்ச்சபை. நிலமும் மனையும் வேதப்படிப்பும் உள்ள ஆண்களுக்கே அந்தக் குடத்தில் இடம். ஏரியில் மண் சுமந்தவர் பெயரை எந்த ஓலையிலும் எழுதவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனாலும் அந்த விதிகளை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் தெருச் சங்கத்தில் ஒருவரே ஒன்பது வருஷம் கணக்கு நோட்டை வைத்திருந்தார். கேட்டால், “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்பார். நாங்களும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வோம். போன வருஷம்தான் கூட்டத்தில் இந்தக் கல்வெட்டை வாசித்துக் காட்டினேன். கணக்கை வாசிக்காதவர் மறுபடி நிற்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். இந்தச் சித்திரையில் ஒரு பித்தளைக் குடத்தில் வீட்டுக்கொரு சீட்டு, பெண்கள் பெயரும் சேர்த்து. எடுத்தவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி. சீட்டை வாங்கக் கை நீட்டிய பெரியவர், யாரும் சொல்லாமலே விரல்களை விரித்தார்.

வணக்கம்.