தெர்மோஸ்டாட் இருந்தும் பில் குறையாதது ஏன்?

[திரையில்: சுவரில் ஒரு தெர்மோஸ்டாட். பெரிய எழுத்தில் 21. மூலையில் சின்னதாக ‘ஹோல்ட்’.]

வணக்கம். இந்தத் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வீட்டு ஹீட்டரையும் ஏசியையும், நாம் சொன்ன டிகிரிக்கு ஏற்ப ஓடவும் நிற்கவும் வைப்பது இதன் வேலை. ஒரு நாளை நான்கு வேளைகளாகப் பிரித்து, எந்த வேளைக்கு எத்தனை டிகிரி என்று முன்கூட்டியே சொல்லி வைக்கக்கூடிய கருவி இது. ஆனால் மூலையில் ‘ஹோல்ட்’ என்று தெரிகிறதே, அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? போட்டு வைத்த அட்டவணை எதுவும் ஓடவில்லை. இரவானாலும் பகலானாலும், வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே 21 டிகிரிதான்.

இது பல வீடுகளில் நடப்பதுதான். அமெரிக்காவில் எனர்ஜி ஸ்டார் என்றொரு சிக்கன முத்திரை உண்டு. இப்படி அட்டவணை போட்டு வைக்கக்கூடிய ‘ப்ரோகிராமபிள்’ தெர்மோஸ்டாட்டுகளுக்கும் அதைக் கொடுத்து வந்தார்கள். 2009 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். எதிர்பார்த்த மிச்சம் வீடுகளில் தென்படவில்லை; வாங்கியவர்களில் பலர் ப்ரோகிராம் செய்யவில்லை, செய்தவர்களிலும் பலர் ஹோல்டில் போட்டுவிட்டார்கள். அந்தக் கால மெனுக்களைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது.

சரி, அட்டவணை ஓடினால் மிச்சம் எங்கிருந்து வருகிறது?

[படம்: வீட்டின் குறுக்குவெட்டு. உள்ளே 21, வெளியே 5. சுவர், ஜன்னல், கூரை வழியாக வெளியேறும் அம்புகள்.]

குளிர்காலத்தில் வீட்டின் சூடு ஓயாமல் வெளியே கசிகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு வேகமாகக் கசியும். இங்கே வித்தியாசம் 16 டிகிரி. தூங்கும்போது உள்ளே 16 டிகிரியாக இறக்கினால் வித்தியாசம் 11 ஆகிவிடும். கசிவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிற்று. தூங்கும் 8 மணி நேரமும் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டையும் பெருக்கினால் சுமார் 10 சதவீதம் வருகிறது.

இது காகிதக் கணக்கு. வீடு 16 டிகிரிக்கு இறங்கவே சில மணி நேரம் ஆகும், அதனால் நிஜத்தில் குறைவாகவே கிடைக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையும், தினமும் 8 மணி நேரம் 4 முதல் 5.5 டிகிரி மாற்றி வைத்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 10 சதவீதம் மிச்சம் என்றுதான் சொல்கிறது. அதுவும் சூடேற்றும், குளிரூட்டும் செலவில் மட்டும். மொத்த பில்லில் அல்ல. விளம்பரத்தில் பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

[படம்: அடியில் ஓட்டையுள்ள குடம்.]

“காலையில் மறுபடி சூடேற்ற அதிகம் செலவாகுமே, எல்லாம் ஒன்றுதானே?” இந்தக் கேள்வி எப்போதும் வரும். ஓட்டைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் உயர்ந்திருந்தால் வேகமாக ஒழுகும், தாழ்ந்திருந்தால் மெதுவாக ஒழுகும். இரவு முழுக்க நிரப்பிக்கொண்டே இருப்பதைவிட, மட்டத்தை இறங்கவிட்டு காலையில் ஒரே தடவையாக நிரப்பினால் மொத்தத்தில் குறைந்த தண்ணீரே செலவாகும்.

ஏசிக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: ஆள் இல்லாத நேரத்தில் எண்ணை ஏற்றி வையுங்கள். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் மட்டும் நாள்கணக்கில் முழுக்க அணைத்துவிட வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

[திரையில்: எழும் நேரம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், படுக்கும் நேரம்.]

இப்போது அட்டவணை. உங்கள் வீட்டின் இந்த நான்கு நேரங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள், அப்புறம் பட்டனைத் தொடுங்கள். படுப்பதற்கு அரை மணி முன்பே இறக்கிவிடலாம். வீடு உடனே குளிர்ந்துவிடாது. எழுவதற்குச் சற்று முன்பே ஏற வேண்டும். சில மாடல்கள், நீங்கள் சொன்ன நேரத்துக்கு வீடு சூடாக இருக்கும்படி முன்கூட்டியே தாமாகத் தொடங்கிவிடும். அந்த வசதி இருந்தால் எழும் நேரத்தை அப்படியே கொடுங்கள். நீங்களும் அரை மணி முன்தள்ளி, அதுவும் முன்தள்ளினால், எல்லோரும் தூங்கும்போதே ஹீட்டர் ஓடும்.

ஒரு நாள் குளிர் தாங்கவில்லையா? மேல் அம்புக்குறியை மட்டும் அழுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் அந்த மாற்றம் அடுத்த வேளை வரைதான் நிற்கும், பிறகு அட்டவணை தானாகத் திரும்பிவிடும். ஹோல்டை வெளியூர் போகும்போது மட்டும் தொடுங்கள். 28 என்று வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பதும் நடக்காது. சாதாரண ஹீட்டர் ஓடும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். நீங்கள் மறந்தால் 28 வரை போய்த்தான் நிற்கும்.

முதியவர்களோ குழந்தைகளோ இருந்தால் 16 வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. நாள் முழுக்க ஆள் இருக்கும் வீட்டில் மிச்சமும் குறைவுதான். வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

[படம்: ஹீட் பம்ப்.]

ஹீட் பம்ப், அதாவது ஏசியைத் திருப்பிப் போட்டதுபோல் வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் கருவி, வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரேயடியாக 5 டிகிரி ஏற்றச் சொன்னால் சில அமைப்புகளில் துணை மின்ஹீட்டர் சேர்ந்து ஓடும். அது மின்சாரத்தைக் குடிக்கும். இரவில் மிச்சம் பிடித்தது காலையில் போய்விடும். ஹீட் பம்புக்கென்றே வந்த தெர்மோஸ்டாட் வாங்குங்கள், அல்லது ஓரிரு டிகிரி மட்டும் இறக்குங்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். வெயில் படும் சுவர், விளக்குக்குப் பக்கம், வாசற்கதவு அருகே என்றெல்லாம் வைத்தால் அது அந்த மூலையின் வெப்பத்தைத்தான் அளக்கும். வயர் வேலைக்கு முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். 24 வோல்ட்டுக்கான தெர்மோஸ்டாட்டை நேரடி மின் இணைப்பில் ஓடும் ஹீட்டரில் ஒருபோதும் பொருத்தாதீர்கள், தீப்பிடிக்கும். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

[திரையில்: அருகருகே இரண்டு பில்கள்.]

குறைந்ததா என்று பார்க்க, போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தின் பில்லை எடுங்கள். தொகையை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள், கட்டணம் இடையில் மாறியிருக்கலாம். அந்த மாதம் வழக்கத்தைவிடக் குளிர் அதிகமா, குறைவா என்பதையும் கணக்கில் வையுங்கள்.