மலையேறி வரும் வேகமும் மலையிறங்கிப் போகும் வேகமும்

(மூணாறில் தமிழ் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கொழுந்து எடை போட்ட கையோடு லயத்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் அக்காமார்களுக்கும், வட்டவடையிலிருந்தும் மறையூரிலிருந்தும் ஜீப் பிடித்து வந்திருக்கும் விவசாயிகளுக்கும், கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

வேகமான மொபைல் நெட்வொர்க் வந்தால் வளரும் நாட்டின் பொருளாதாரம் என்ன ஆகும் என்று பேசச் சொன்னார்கள். நான் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவன். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை கோடிச் சந்தாதாரர், நொடிக்கு எத்தனை மெகாபிட் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி வேறு. இந்த வேகம் எந்தப் பக்கமாக ஓடுகிறது? கீழேயிருந்து நமக்கு வருகிறதா, நம்மிடமிருந்து கீழே போகிறதா? இன்று இந்த ஒன்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் நம் மாநிலத்துக் கடற்கரைக் கதை ஒன்று. உலகத்தில் எங்கே பொருளாதாரம் படித்தாலும் இதைச் சொல்லித்தருகிறார்கள், ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. ராபர்ட் ஜென்சன் என்ற ஆய்வாளர் வட கேரளத்து மீனவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 2007ல் ஆய்வை வெளியிட்டார். 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனை அப்படியே கொட்டுகிறார்கள். அதே நேரத்தில் அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் வேறு கரைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு நிற்கிறார்கள். மீன் இருந்தது, பணம் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் சேதி மட்டும் இல்லை. அந்த வருடம் தொடங்கி 2001 வரைக்கும் கடற்கரை ஓரமாக மொபைல் டவர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடலுக்குள் நின்றபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவர்களின் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவர்களுக்கோ விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நன்மை கிடைப்பது பொருளாதாரத்தில் அபூர்வம்.

இதில் இன்டர்நெட்டே கிடையாது, வெறும் பேச்சு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள்.

கென்யாவில் 2007ல் வந்த எம்-பெசாவும் அப்படித்தான். சாதாரண பட்டன் போனில் குறுஞ்செய்தி மாதிரிப் பணம் அனுப்பும் ஏற்பாடு. ஏறக்குறைய 1 லட்சத்து 94 ஆயிரம் குடும்பங்கள் வறுமையிலிருந்து வெளியே வர அது உதவியது என்று 2016ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. நம் யுபிஐயும் 2016ல்தான் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது. டீக்கடையில் பத்து ரூபாய் அனுப்ப எவ்வளவு நெட் வேண்டும்? மிகக் கொஞ்சம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கென்று 2022ல் வந்த யுபிஐ 123பே நெட்டே இல்லாமல் ஓடுகிறது. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அம்மாவுக்குப் பணம் போட்டுவிடுகிறார்கள். ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் போய்விட்டது. இது பெரிய விடுதலைதான். ஆனால் இதற்கு 5ஜி தேவையில்லை, அறுந்துபோகாத 2ஜி போதும்.

அப்படியானால் வேகம் எதற்கு? விற்பதற்கு. வாங்குகிறவருக்குக் கொஞ்சம் நெட் இருந்தாலும் வேலை நடந்துவிடும். விற்கிறவர் தன் பொருளைக் காட்ட வேண்டும், தன் வேலையை அனுப்ப வேண்டும், எதிரில் இருக்கிறவர் கேட்கும்போது அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டும்.

வட்டவடையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மலைப்பூண்டு போடுகிறது. காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். எண்ணெய்ச் சத்து அதிகம், வாசனையும் அதிகம், நாள்பட இருக்கும். அந்த வீட்டுப் பெண், படித்தவள், பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டுப் புகையில் காயவைப்பதையும், பல் பருமன் பார்த்துத் தரம் பிரிப்பதையும் போனில் வீடியோ எடுக்கிறாள். மதுரையிலோ திருச்சூரிலோ இருக்கும் ஆளுக்கு அனுப்ப வேண்டும். பகலில் அனுப்பினால் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றிச் சுற்றி, கடைசியில் சிவப்புக் குறி விழும். அதனால் ராத்திரி பதினோரு மணிக்கு மேல், டூரிஸ்ட்டுகள் எல்லாரும் தூங்கின பிறகு, ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் படுக்கப்போகிறாள். காலையில் எழுந்து பார்த்தால் போயிருக்கும். கேட்டவர் அதற்குள் வேறு இடத்தில் வாங்கியிருப்பார். அப்புறம் என்ன, வழக்கமான ஏஜென்ட்தான், அவர் சொல்கிற விலைதான்.

அதே போனில் அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவள் தம்பி சினிமா பார்க்கிறான். அது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. இது ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இது விதி இல்லை, ஏற்பாடு.

டவர் பல பத்து வாட் சக்தியில் அலையை அனுப்புகிறது. உங்கள் கையில் இருக்கும் போன் திருப்பி அனுப்புவது வழக்கமாக 0.2 வாட் அளவில்தான். அதனால்தான் திரையில் ரேஞ்ச் கோடுகள் நிறையத் தெரிந்தும் நம் வீடியோ போவதில்லை. டவர் சொல்வது நமக்குக் கேட்கிறது, நாம் சொல்வது டவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது, நம் நாட்டில் 5ஜி பெரிதும் ஓடுவது 3,300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அலைவரிசையில். அங்கே ஒரே அலைவரிசையை நேரம் பங்கிட்டு டவுன்லோடுக்கும் அப்லோடுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். நாலு தடம் உள்ள ரோட்டில் மூன்று தடத்தை மலையேறி வரும் வண்டிகளுக்கே கொடுத்துவிட்டு, இறங்கிப் போகிறவர்களுக்கு ஒன்றை விட்டுவைத்த மாதிரி. மக்கள் பார்ப்பதுதான் அதிகம், அனுப்புவது குறைவு என்று கம்பெனிகள் கணக்குச் சொல்வார்கள். நகரத்துக்கு அது சரியாக இருக்கலாம்.

மூன்றாவது மலை. அலைவரிசை உயர உயர அது போகும் தூரம் குறையும், ஒரு குன்று குறுக்கே வந்தால் நின்றுவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை நிறைய தூரம் போகும், வளைவுக்குப் பின்னாலும் ஓரளவு எட்டும். எஸ்டேட்டின் ஒவ்வொரு டிவிஷனும் ஒவ்வொரு மடிப்புக்குள் ஒளிந்துகிடக்கும் நம்மைப் போன்ற ஊருக்கு அதுதான் ஏற்றது. டவரைத் தாண்டியும் ஒரு சங்கதி இருக்கிறது. டவருக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவில் பைபர் கேபிள் வேண்டும். அது இல்லாத இடத்தில் தட்டு ஆன்டெனா வைத்து ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு அனுப்புகிறார்கள். அந்த வழி குறுகலாக இருந்தால் டவர் மேல் 5ஜி போர்டு மாட்டி என்ன பயன்?

வேகத்தால் உண்மையிலேயே வேலை வருமா, இல்லை பேச்சுதானா என்று சிலர் கேட்கிறார்கள். கடலடிக் கேபிள்கள் ஆப்பிரிக்காவின் கரைகளைத் தொட்டபோது என்ன நடந்தது என்று யோர்ட், பவுல்சன் என்ற இருவர் பன்னிரண்டு நாடுகளில் ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். வேகமான இன்டர்நெட் போன இடங்களில் வேலைவாய்ப்பு கூடியது. அதிகம் படித்தவர்களுக்கு மட்டும் இல்லை, குறைவாகப் படித்தவர்களுக்கும் கூடியது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு.

பக்கத்திலேயே பார்க்கலாம். ஏலக்காய் விற்பனை போடியில் 2007ல் கம்ப்யூட்டருக்கு மாறியது, புத்தடியிலும் இப்போது அப்படித்தான். அதற்கு முன்னால் கூவி ஏலம் விட்டார்கள், யார் யாரைப் பார்த்துத் தலையாட்டினார் என்பது விவசாயிக்குத் தெரியாது. இப்போது வியாபாரிகள் மாதிரிக் காயைத் தட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, எதிரில் இருக்கும் கம்ப்யூட்டரில் விலையை ஏற்றுகிறார்கள். அன்றைய உச்ச விலையும் சராசரி விலையும் சாயங்காலமே தோட்டக்காரர் போனுக்கு வந்துவிடுகிறது. பத்துக் கிலோ வைத்திருக்கிறவரும் விலை தெரிந்துகொண்டு பேச முடிகிறது. காய் எடுக்கும் தொழிலாளியின் கூலியும் இதே மாதிரி ஊரறியத் திரையில் வர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, கசப்பான பக்கத்தையும் பேசியாக வேண்டும். 2014ல் ஒரு ஜிபி டேட்டா 250 ரூபாய்க்கு மேல். இன்று பத்து ரூபாய் அளவில் கிடைக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் நடந்த விலைப்போர் இதற்கு முக்கியக் காரணம். மலிவானதும் லயத்து வீடுகளுக்குள் நெட் வந்தது. கூடவே வந்தது கடன் ஆப். ஐயாயிரம் கடன் கொடுத்துவிட்டு போனில் இருக்கும் அத்தனை பேருக்கும் மெசேஜ் அனுப்பி மானத்தை வாங்குகிறவர்கள் வந்தார்கள். பணம் கட்டி ஆடும் ரம்மி வந்தது. ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது, அது வருவதற்குள் எத்தனை வீட்டில் நகை போனது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் அக்காமார்களுக்குத் தெரியும். பணம் உள்ளே வருகிற வழி ஆமை வேகத்திலும் வெளியே போகிற வழி மின்னல் வேகத்திலும் இருந்தால் அந்த ஊர் டிஜிட்டல் பொருளாதாரத்தால் ஏழையாகும். யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம், உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

நம் மலைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908ல் அதைச் சின்ன ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வரைக்கும் தேயிலையைக் கொண்டுபோய், அங்கிருந்து ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறக்கி, போடி வழியாகத் தூத்துக்குடிக்கும் கப்பலுக்கும் அனுப்பினார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. அந்தக் காலத்துக்கு அது மிக வேகமான ஏற்பாடு. தேயிலைப் பெட்டிக்காகப் போட்டது அது, கொழுந்து எடுத்தவர்களுக்காகப் போட்டது இல்லை. அதனால்தான் யாருக்காக வேகம் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

பெட்டிமுடியைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் நெட்வொர்க்கைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு அங்கே மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, போன் இல்லை. வெளியுலகத்துக்குச் சேதி போய்ச் சேர விடிந்துவிட்டது. அந்த வருடம் பள்ளிப் பாடமெல்லாம் ஆன்லைனில் நடந்தது. அதற்கு முந்தின வருடம்தான் கேரள உயர் நீதிமன்றம் பஹீமா ஷிரின் வழக்கில் இன்டர்நெட் கிடைப்பது கல்வி உரிமையின் பகுதி என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. உரிமை காகிதத்தில் இருக்க, நம் எஸ்டேட் பிள்ளைகள் ரேஞ்ச் தேடி மழையில் ராஜமலை ரோட்டோரம் குடைபிடித்து உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். பொருளாதாரம் என்று பேசும்போது உயிரையும் படிப்பையும் வேறு கணக்கில் எழுதிவைக்க என்னால் முடியாது. மழைக்காலத்தில் கரண்ட் போன சில மணி நேரத்தில் அணைந்துபோகும் டவர் எத்தனை ஜியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. பேட்டரியும் ஜெனரேட்டரும் டீசலும் 5ஜியைவிட முதலில் வர வேண்டியவை.

என்ன செய்யலாம்? கேரள அரசின் பைபர் இன்டர்நெட் திட்டமான கேபோனை 2023 ஜூன் 5ல் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று அரசு அறிவித்தது. அந்தக் கணக்கில் லயத்தில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். வீடு கம்பெனியுடையது, அதனால் கேபிள் இழுக்க முடியாது என்று பதில் வந்தால், டிவிஷனுக்கு ஒரு பொது இடத்தில், படிப்பகத்திலோ அங்கன்வாடியிலோ, இணைப்பு கேளுங்கள். வட்டவடையில் பூண்டு தரம் பிரிக்கிற இடத்துக்கு ஒரு பைபர் இணைப்பு வந்தால் அந்தப் பெண் ராத்திரி பதினோரு மணிக்குக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு ஆயுதமும் கையில் இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய சேவைத்தர விதிகள் 2024 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் வரைபடம் போட வேண்டும். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால், போஸ்ட்பெய்டுக்குக் கட்டணக் கழிவும் ப்ரீபெய்டுக்கு நாள் நீட்டிப்பும் தர வேண்டும்.

கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். நெட் வேகத்தை அளக்கும் டிராயின் மைஸ்பீடு ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் டிவிஷனில் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் அளந்து எழுதுங்கள். டவுன்லோட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், அப்லோட் எண்ணையும் எழுதுங்கள். கரண்ட் போனால் எத்தனை மணிக்குப் போனது, டவர் எத்தனை மணிக்கு அணைந்தது என்றும் எழுதுங்கள். கம்பெனி வரைபடத்தில் உங்கள் லயம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்த நோட்டோடு வாருங்கள். தமிழில் எழுதியதை மலையாளத்தில் மனுவாக்கித் தர நானும் என் சக ஆசிரியர்களும் இருக்கிறோம், கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் வந்து பெயர் கொடுங்கள்.