எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களும் கருப்பைவாய்ப் புற்றுநோயும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1986ஆம் ஆண்டு சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, தொற்றுள்ளவர்கள் பேரன் பேத்தியைப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். 2004இல் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியபின் அந்த நிலை மாறிவிட்டது. இப்படி நீண்டிருக்கும் ஆயுளின் குறுக்கே வரக்கூடிய புற்றுநோயைப் பற்றி, அதிலும் நம் பெண்களைத் தாக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும்போது, வேறு சில வைரஸ்கள் தடையின்றித் தங்கிப் புற்றுநோய்க்கு வழி செய்கின்றன. கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்னும் மனித பாப்பிலோமா வைரஸ். 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த இருவருக்கும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. காரணம் என்று நிறுவிய ஹரால்டு சூர் ஹவுசனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்த இரு வைரஸ்களும் ஒரே பெண்ணின் உடலில் சேர்வதுதான் நம் கவலை.

பெரும்பாலான பெண்களுக்கு எச்.பி.வி. வந்து, ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கினாலும் அது புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்பாற்றல் குன்றிய பெண்களிடம் அந்தக் காலம் 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கிவிடலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஏ.ஆர்.டி. மருந்தை விரைவில் தொடங்குவது பெரிய பாதுகாப்பு. 2015இல் முடிவு வெளியான ஸ்டார்ட் என்னும் பன்னாட்டு ஆய்வில், உடனே மருந்து தொடங்கிய குழுவில் 14 பேருக்கும், தாமதமாகத் தொடங்கிய குழுவில் 39 பேருக்கும் புற்றுநோய் வந்தது. ஆனால் ஏ.ஆர்.டி. மாத்திரை எச்.பி.வி.யை அழிப்பதில்லை. ரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்ற நல்ல செய்தியைக் கேட்டு வீடு திரும்பும் பெண்ணிடம், கருப்பைவாயைச் சோதித்தீர்களா என்று யாரும் கேட்காமல் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

சோதனை எளியது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாற்றமடைந்த திசு வெண்மையாகத் தெரியும். தகுந்தவர்களுக்கு அந்த இடத்தை வெப்பக் கருவியால் ஒரு நிமிடத்துக்குள் சுட்டு நீக்கிவிடலாம். பெரும்பாலும் மயக்க மருந்தும் தேவைப்படாது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பொதுமக்களிடையே உள்ள பெண்களிடம் இந்தச் சோதனையைச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2007இல் வெளிவந்தது. ஒரே ஒரு முறை சோதித்ததிலேயே இந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. நம் மண்ணில், நம் செவிலியர்கள் கையால் நிகழ்ந்தது இது.

எச்.பி.வி. வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இதைவிடக் கூர்மையானது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. சிகிச்சை பெற்றவர்களுக்கு மாற்றம் திரும்ப வரக்கூடும் என்பதால், ஓராண்டில் மறுசோதனை அவசியம். உறவுக்குப் பின் ரத்தக் கசிவு, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால் அடுத்த சோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. ஆண்களுக்கு ஒரு சொல்: பீடி, சிகரெட்டை விடுங்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பும் கூடுதலே.

அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை. மாத்திரை வாங்க வரும் அதே நாளில், அதே வளாகத்தில் இந்தச் சோதனைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். இன்னொரு நாள் கூலியை இழந்து, வேறொரு துறையின் வரிசையில் நின்று, தன் தொற்றை முன்பின் அறியாத ஒருவரிடம் மறுபடியும் சொல்ல வேண்டிய நிலை நீடிக்கும்வரை, பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுப்பதால் மட்டும் ஒரு பெண் சோதனைக்கு வந்துவிட மாட்டார்.