வேர்க்கக் கூடாதுன்னு சொல்ற ஊர்ல உடற்பயிற்சி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. டொரான்டோல ஹீட்டர் போட்ட ஹால்ல நின்னுகிட்டு வடதுருவத்து ஜனங்க உடம்ப அசைக்கறத பத்தி பேசறது கொஞ்சம் கூச்சமா தான் இருக்கு, இருந்தாலும் நுனாவுட்ல மூணு வருஷம் ஸ்கூல்ல வேலை பார்த்தவன்ங்கற தைரியத்துல வந்துட்டேன்.

நுனாவுட்னா கனடா நிலத்துல அஞ்சுல ஒரு பங்கு. ஆனா மொத்தமே 25 ஊரு, 2021 கணக்குல 37 ஆயிரம் பேர் கூட இல்ல. ஊருக்கு ஊரு ரோடு கிடையாது, எங்க போனாலும் பிளேன் தான்.

போன புதுசுல நான் ஒரு கூத்து பண்ணேன். தினம் அரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடங்கன்னு போஸ்டர் அடிச்சு ஸ்கூல் வாசல்ல ஒட்டினேன். எங்ககூட வேலை பார்த்த இனுயிட் (அந்த ஊர்ப் பூர்வகுடி ஜனம்) பாட்டி ஒருத்தங்க நின்னு நிதானமா படிச்சிட்டு, "வேர்த்தா செத்துப் போவ தம்பி"ன்னாங்க. எனக்கு புரியவே இல்ல. அப்புறம் தான் சொன்னாங்க, மைனஸ் 35ல உள்சட்டை நனைஞ்சு நீ கொஞ்சம் நின்னா போதும், அந்த ஈரமே உன் சூட்ட உறிஞ்சிடும், அதனால வேட்டைக்குப் போறவன் வேர்க்காம மெதுவா நடக்கணும்னு சின்ன வயசுலயே சொல்லிக் குடுப்பாங்களாம். இதுல பனிக்கரடி வேற. ஆர்வியாட்ங்கற ஊர்ல ஹாலோவீன் அன்னைக்கு பசங்க வேஷம் போட்டு மிட்டாய் கேட்டு வீடு வீடா போறத நிறுத்திட்டு ஹாலுக்குள்ள வெச்சாங்கன்னா பாத்துக்கோங்க, அங்க போய் காலைல தனியா ஜாகிங் போங்கன்னா சிரிக்க மாட்டாங்களா? போஸ்டர அன்னைக்கே கிழிச்சுட்டேன்.

இவங்க சோம்பேறிங்கன்னு மட்டும் யாரும் நினைக்காதீங்க. 1950, 60 வரைக்கும் நாய் வண்டி கட்டி கூடாரத்தோட நகர்ந்துகிட்டே இருந்த ஜனம். அப்புறம் தான் ஒரே இடத்துல குடியமர்த்தினாங்க, பாஃபின் தீவுப் பக்கம் அந்த நாய்ங்கள போலீஸே சுட்டுச்சு, 2019ல தான் அரசாங்கம் அதுக்கு மன்னிப்பு கேட்டுச்சு. நாய் போன இடத்துக்கு ஸ்கிடூங்கற பனி மோட்டார் வண்டி வந்துச்சு, ரெண்டு நிமிஷ தூரத்துக்கும் இப்ப அது தான். நாமளே நடமாட்டத்த பறிச்சுட்டு நாமளே போய் நடங்கன்னு சொல்றோம், என்ன நியாயம்?

சரி, அப்ப என்ன தான் பண்றது? அவங்ககிட்டயே இருக்குங்க. மாசக்கணக்குல இருட்டு, சின்ன கூடாரம், கருவி எதுவும் இல்ல, அதுக்குள்ளயே உருவான விளையாட்டுங்க. ஒத்தக்கால் உயர உதைன்னு ஒண்ணு, சீல்ங்கற கடல்நாய்த் தோல்ல தைச்ச முஷ்டி அளவு பந்த கயித்துல தொங்க விட்டிருப்பாங்க, ரெண்டு காலையும் சேர்த்து எம்பி, ஒரு கால்ல பந்த உதைச்சு, உதைச்ச அதே கால்லயே தரையில இறங்கணும். பெரிய ஆளுங்க 9 அடிக்கு மேல உதைக்கறாங்க. எனக்கு அத விட ஆச்சரியம் என்னன்னா, போட்டிக்கு நிக்கறவனே பக்கத்துல வந்து "தலைய பின்னாடி சாய்ச்சுக்கோ"ன்னு எதிராளிக்கு சொல்லிக் குடுக்கறான். நம்ம ஊர்ல நடக்குமா இது.

1970ல யெல்லோநைஃப்ங்கற ஊர்ல வடக்கத்தி ஜனங்களுக்குன்னு ஆர்க்டிக் விண்டர் கேம்ஸ்ங்கற போட்டிய ஆரம்பிச்சாங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நடக்கும், மெடல் கூட அங்கத்துப் பொம்பளைங்க தோல் சீவற உலு கத்தி வடிவத்துல தான். பக்கத்துல இருக்கற வடமேற்குப் பிரதேசத்துல இனுவிக்ங்கற ஊர்ல ஒரு பாதிரியார் பசங்களுக்கு பனிச்சறுக்கு கத்துக் குடுத்தாரு, அதுலேருந்து வந்த ஷேரன் ஃபர்த், ஷெர்லி ஃபர்த்னு ரெட்டைப் பொண்ணுங்க 1972லேருந்து 84 வரைக்கும் நாலு ஒலிம்பிக்ஸ் போனாங்க.

எங்க ஊர்ல நான் பண்ண ஒரே உருப்படியான வேலை சாயங்காலம் ஜிம் சாவிய கையில வெச்சிருந்தது தான். ஊருக்கே ஒரு ஜிம், விருந்தும் அங்க தான் சாவுச் சடங்கும் அங்க தான், மத்த நேரம் பூட்டி கிடக்கும். நான் எதுவும் சொல்லிக் குடுக்கல, கதவ திறந்து லைட்ட போட்டுட்டு ஓரமா உக்காந்திருப்பேன், பெரிசுங்க வந்து பசங்களுக்கு சொல்லிக் குடுக்கும், பத்து மணிக்கு "போங்கடா"ன்னு விரட்டினா தான் கிளம்புவானுங்க.

அந்தப் பாட்டி நான் கிளம்பறப்ப தைச்சுக் குடுத்த பந்து தான் இது. மேடை ஓரத்துல ஸ்டாண்ட் இருக்கு பாருங்க, நாலடில கட்டியிருக்கேன், ஷூவ கழட்டிட்டு யாராவது ஒருத்தர் மேல வாங்க. முட்டி வலி இருக்கறவங்க வேணாம்.